சிப்பிக் காளான் மொட்டு வந்து வந்து காய்கிறது, இன்னும் பொறுக்கலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

தென்னந்தோப்பு வீடு (உச்சிப்புளி):

எல்லோருக்கும் வணக்கம். காளான் வளர்ப்பில் இதுதான் எனக்கு முதல் தடவை. உச்சிப்புளியிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் எங்கள் வீடு, பின்னால் பத்துப் பன்னிரண்டு தென்னை, அதற்கு நடுவில் முன்பு ஆடு கட்டிய கீற்றுக் கொட்டகை ஒன்று. ஆடுகளை விற்றதிலிருந்து அது சும்மா கிடந்தது. கடலோரம்தானே, காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும், காளானுக்கு இதைவிட நல்ல இடம் வேறு என்ன வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

சிப்பிக் காளான் வித்து மூன்று புட்டி வாங்கினேன். ஒரு புட்டிக்கு இரண்டு பை என்று ஆறு படுக்கை போட்டேன். வைக்கோலை வெட்டி ஐந்து மணி நேரம் ஊற வைத்து, நெல் அவிக்கும் அண்டாவில் அரை மணி நேரம் வேக வைத்து, ராத்திரி முழுக்கச் சாக்கில் பரப்பித் தண்ணீர் வடிய விட்டு, காலையில் பையில் அடைத்தேன். வைக்கோல் ஒரு அடுக்கு, வித்து ஒரு அடுக்கு என்று சொல்லித் தந்தபடியேதான் செய்தேன். நடுவில் இரண்டு ஓட்டை போட்டு உறி மாதிரி கயிற்றில் தொங்க விட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான்.

இன்றோடு 21 நாள். மூன்று பை வித்து பரவி நன்றாக வெள்ளையாகிவிட்டது. இரண்டு பையில் மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி இன்னும் வைக்கோல் நிறத்திலேயே இருக்கிறது. ஒரு பையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை பிடித்திருக்கிறது.

வெள்ளையான மூன்றில் இரண்டு பையில் போன வாரம் ஓட்டைப் பக்கம் கடுகு கடுகாக மொட்டு வந்தது. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் நுனி பழுப்பாகி, தொட்டால் பொடியாகிற மாதிரி காய்ந்துவிட்டது. பக்கத்திலேயே மறுபடி மொட்டு வந்தது, அதுவும் அப்படியே. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை தண்ணீர் தெளிக்கிறேன், மேசை விசிறியும் போட்டு விட்டிருக்கிறேன். பாதி வெள்ளையான பைகளைத் தினமும் வாய்க்கட்டை அவிழ்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டி வைக்கிறேன்.

மாமியார் "மூணு வாரமாச்சு, எடுத்துக் குப்பையில போடு" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. இன்னும் பொறுக்கலாமா? பொறுப்பதென்றால் எத்தனை நாள், சும்மா பார்த்துக்கொண்டிருப்பதா, ஏதாவது செய்வதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரம்பை மண்:

முதலில் அந்தப் பச்சைப் பையை இன்றைக்கே வெளியே கொண்டு போங்கள். கொட்டகைக்குள் வைத்துப் பிரிக்க வேண்டாம். கட்டு அவிழாமல் அப்படியே தூரமாகத் தூக்கிப் போய், குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள், தென்னைக்கு உரமாகட்டும். அந்தப் பச்சை முழுக்கத் தூள்தான், ஒரு தடவை உதறினால் மற்ற ஐந்து பைக்கும் பரவிவிடும். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்த பையைத் தொடாதீர்கள்.

பச்சைப் பூஞ்சணம் பிடித்த பையைப் பொறுத்துப் பார்ப்பதில் பலனில்லை. வெள்ளையாக இருப்பதற்குத்தான் பொறுமை காட்ட வேண்டும்.

ஒரு சந்தேகம், ஆடு கட்டிய கொட்டகைக்கு வெள்ளை அடித்தீர்களா? தரையில் பழைய புழுக்கையும் தழையும் கிடந்தால் அங்கிருந்தே பூஞ்சணமும் ஈயும் வரும். தரையைச் சுரண்டி எடுத்து சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து, மேலே இரண்டு விரல் மொத்தத்துக்கு ஆற்று மணல் போட்டு விடுங்கள். கடல் மணல் வேண்டாம்.

வாடைக்காற்று (கீழக்கரை பக்கம்):

தங்கச்சி, தூக்கிப் போடாதே. மூன்று பை வெள்ளையாகி, அதில் இரண்டில் மொட்டும் வந்துவிட்டதென்றால், நீ செய்ய வேண்டியதில் பெரும் பகுதியைச் செய்து முடித்துவிட்டாய். உன் வித்தும் நல்ல வித்து. காய்வதற்குக் காரணம் வேறு. நான் ஆறு வருஷமாக வீட்டில் போடுகிறேன், முதல் வருஷம் உன்னைப் போலவே ஆனி மாதத்தில் ஆரம்பித்து எட்டுப் பை போட்டு எட்டும் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துப் படி.

கடலோரம் என்றால் ஈரம் என்று நினைத்தாய் பார், நானும் அதையேதான் நினைத்தேன். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது அது சரி. இப்போது அடிப்பது கச்சான். மேற்கே காய்ந்த தரை மேல் ஓடி வருகிற காற்று, பகலில் துணி போட்டால் ஒரு மணி நேரத்தில் மொடமொடப்பாகிறதே, அதே காற்றுதான் உன் மொட்டையும் காய வைக்கிறது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி என் கொட்டகையில் மாட்டினேன். விடியற்காலையில் 84 காட்டியது, மத்தியானம் இரண்டு மணிக்கு 58. சிப்பிக் காளான் மொட்டு விரிவதற்கு 80 முதல் 90 வரை வேண்டும், அதுவும் நாள் முழுக்க. காலையில் ஈரமாக இருந்தது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நாம் ஏமாந்து போகிறோம். அந்த மத்தியான மூன்று மணி நேரத்தில்தான் மொட்டு சாகிறது.

அதனால் விசிறியை நிறுத்து, இன்றைக்கே. காளானுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான், காற்று மாறாத அறையில் தண்டு நீளமாகவும் குடை சின்னதாகவும் வரும். ஆனால் காலையிலும் சாயங்காலமும் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே அதற்குப் போதும், மொட்டு மேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது. மேற்குப் பக்கம் முழுக்கச் சாக்கைத் தொங்க விட்டு அதை நனைத்துக்கொண்டே இரு. தரை மணலையும் நனை. பையில் தண்ணீர் அடிப்பதை விடச் சுற்றியுள்ள காற்றை ஈரமாக்குவதுதான் முக்கியம். ஏழெட்டுத் தடவை பை மேலேயே அடித்தால் ஓட்டைப் பக்கம் தண்ணீர் தேங்கி மொட்டு அழுகவும் செய்யும்.

அடுத்தது தண்ணீர். உன் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகுமா? வேகாது என்றால் அந்தத் தண்ணீரைக் காளான் பக்கம் கொண்டு போகாதே. நான் தெளித்தது கிணற்றுத் தண்ணீர்தான், என் கைத்தெளிப்பான் மூக்கில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்ததை ஒரு நாள் துடைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மூக்கில் பூக்கிற உப்பு மொட்டிலும் பூக்கும் அல்லவா? தெளித்த தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு நுனியிலேயே தங்கிவிடும், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை என்றால் எட்டுத் தடவை உப்பு. நீயும் உன் தெளிப்பான் மூக்கைப் பார். அதற்குப் பிறகு நான் காவிரிக் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஒரு ராத்திரி வைத்துவிட்டுத் தெளிக்கிறேன், மழைக் காலத்தில் கூரைத் தண்ணீர். வைக்கோல் ஊற வைக்கவும் வேக வைக்கவும் அதே தண்ணீர்தான். பாதி வெள்ளையாகி நின்றுபோன உன் பைகளுக்கும் இதில் பங்கு இருக்கலாம், வைக்கோலில் உப்பு ஏறினால் வித்திலிருந்து கிளம்புகிற வெள்ளை இழை தயங்கித் தயங்கித்தான் பரவும்.

இனி அந்தப் பைகளைத் திறந்து பார்ப்பதைப் பற்றி. எனக்கு உன் ஆசை புரிகிறது, நானும் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள்தான். ஆனால் வித்து பரவுகிற நாட்களில் பைக்குள் அது தனக்கென்று ஒரு காற்றை உண்டாக்கி வைத்திருக்கும், இழைக்கு அந்தப் புழுக்கம் பிடிக்கும். நீ கட்டை அவிழ்க்கும்போது அது போய், கொட்டகையில் மிதக்கிற பூஞ்சணத் தூள் உள்ளே வருகிறது. பார்க்க வேண்டுமென்றால் வெளியே நின்று டார்ச் அடித்துப் பார். மூன்று நாளில் வித்திலுள்ள ஒவ்வொரு சோளத்தையும் சுற்றிப் பஞ்சு ஒட்டிய மாதிரி தெரியும், ஒரு வாரத்தில் பஞ்சுகள் ஒன்றை ஒன்று தொடும், பதினைந்திலிருந்து இருபது நாளில் வைக்கோலே தெரியாமல் மூடிவிடும். இது 25 முதல் 28 டிகிரியில் நடக்கிற கணக்கு. உன் கொட்டகையில் பகலில் 34, 35 இருந்தால் பைக்குள் அதைவிடச் சூடு கூடுதலாக இருக்கும், ஏனென்றால் இழை வளரும்போது அதுவே சூட்டை விடும். அந்தச் சூட்டில் சிப்பிக் காளான் இழை அப்படியே நின்றுவிடும், ரொம்பப் போனால் செத்தே விடும்.

எத்தனை நாள் பொறுப்பது என்று கேட்டாய். பாதி வெள்ளையான இரண்டு பைக்கும் இன்னும் பத்து நாள் கொடு, வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில், இருட்டில், கை வைக்காமல். வெள்ளைக்கும் வைக்கோலுக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பைக்கு வெளியே பேனாவால் வரைந்து தேதி போடு. நாலு நாளில் வெள்ளை கோட்டைத் தாண்டியிருந்தால் பொறு. கோட்டிலேயே நின்று, பைக்குப் பக்கத்தில் போனால் புளித்த கஞ்சி வாடை அடித்தால் எடுத்துப் புதை. நல்ல பையில் நல்ல காளான் வாசனைதான் வரும், மூக்கே சொல்லிவிடும்.

காய்ந்த மொட்டை அப்படியே விடாதே. கையைக் கழுவிவிட்டு மெதுவாகத் திருகி எடு, விட்டால் அதிலேயே பூஞ்சணம் பிடிக்கும். எடுத்த பிறகு ஏழிலிருந்து பத்து நாளில் மறுபடி மொட்டு வரும். இந்தத் தடவை அதற்கு வேண்டியதை முன்னாலேயே தயாராக வைத்துக்கொள்.

தென்னந்தோப்பு வீடு:

அக்கா, படித்ததும் போய்த் தெளிப்பானைப் பார்த்தேன். மூக்கைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக இருக்கிறது, நகத்தால் சுரண்டினால் வருகிறது. எங்கள் கிணற்றில் பருப்பு வேகவே வேகாது, சமையலுக்கு நாங்கள் குடத்துத் தண்ணீர்தான் வைத்திருக்கிறோம். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

கரம்பை மண் அண்ணன் சொன்னபடி பச்சைப் பையைப் புதைத்தாகிவிட்டது. ஆட்டுக் கொட்டகைக்கு வெள்ளை அடிக்கவில்லை, கூட்டித்தான் விட்டேன். இன்றைக்குத் தரையைச் சுரண்டினோம், மாமியாரே மண்வெட்டி எடுத்து வந்து கூட நின்றார். பாதிப் பைகள் இரண்டும் இப்போது நெல் மூட்டைக்குப் பக்கத்து மூலையில், கோடு போட்டு, தேதி எழுதி.

ஒரே ஒரு கேள்வி. ராத்திரி முழுக்க வைக்கோலைச் சாக்கில் பரப்பி வைத்தது சரியா?

வாடைக்காற்று (கீழக்கரை பக்கம்):

அது சரியில்லை தங்கச்சி. வேக வைத்ததெல்லாம் ராத்திரி திறந்து கிடந்ததில் வீணாகிவிட்டது, பச்சை அநேகமாக அங்கேதான் ஏறியிருக்கும். அடுத்த தடவை ஒரு மணி நேரம் வேக வை, வெந்நீரில் துவைத்த சுத்தமான துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்க விடு, ஆறியதும் அன்றைக்கே பையில் அடை. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழி. தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைந்திருக்க வேண்டும்.

உப்பளக் காற்று (சாயல்குடி):

எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. நம் ஊர்ச் சூட்டில் சித்திரையிலிருந்து புரட்டாசி வரை சிப்பிக் காளானோடு போராடுவதே எதற்கு? அந்த மாதங்களுக்குப் பால் காளான் இருக்கிறது. பக்கத்து அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏபிகே 2 ரகம், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதற்கு 30 முதல் 35 டிகிரிதான் பிடிக்கும். சிப்பி நின்றுபோகிற சூட்டில் இது எழுந்து வரும். ஈரப்பதம் இதற்கும் 80-க்கு மேல் வேண்டும், அதனால் நனைந்த சாக்கும் நல்ல தண்ணீரும் இதற்கும் உண்டு.

பொறுமை என்று பார்த்தால் சிப்பியை விட இதற்குக் கூடுதலாகவே வேண்டும். வித்து முழுக்கப் பரவிய பிறகு பையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் தொட்டி மாதிரி வைத்து, வெட்டிய முகத்தின் மேல் மண் போட வேண்டும். கண்மாய்க் கரம்பை வண்டலும் மணலும் கலந்து, சுண்ணாம்புக்கல் தூள் கொஞ்சம் சேர்த்து, ஒரு மணி நேரம் ஆவியில் வேக வைத்து ஆற விட்ட மண், ஒரு அங்குலத்துக்கும் குறைவான மொத்தம். மண் போட்ட பிறகு எட்டுப் பத்து நாள் ஒன்றுமே தெரியாது. வெறும் மண் தொட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறோமோ என்று இருக்கும். முதல் தடவை நான் ஒன்பதாம் நாள் சந்தேகம் தாங்காமல் ஒரு தொட்டியில் விரலால் மண்ணைக் கிளறிவிட்டேன். கீழே வெள்ளையாகக் கயிறு கயிறாக இழை ஏறி வந்துகொண்டிருந்தது, கிளறியதில் அறுந்துபோனது. மற்றத் தொட்டிகளில் பதினோராம் நாள் மொட்டு எழுந்தது, நான் கிளறிய தொட்டியில் அந்த இடம் கடைசி வரை மொட்டையாகவே இருந்தது. மொட்டு தெரிந்த பிறகு ஒரு வாரத்தில் பறித்துவிடலாம், பறித்த பிறகும் சிப்பியை விட நாலு நாள் கூடத் தாங்கும்.

இன்னொன்று, பால் காளானுக்குப் பாதி தரைக்குள் இறங்கின மாதிரி குழி வெட்டி, மேலே நீல நிறப் பாலித்தீன் போட்டுக் குடில் அமைக்கச் சொல்வார்கள். அருப்புக்கோட்டைக்கு அது சரி. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற நாம் மூன்றடி தோண்டினால் உப்பு ஊற்று வந்துவிடும், அதனால் தரை மட்டத்திலேயே வைத்து, சுற்றி மணலும் சாக்கும் போட்டுக்கொள்வது நல்லது. வெளிச்சம் கொஞ்சம் வேண்டும், சிப்பியை விடக் கூடுதலாக, நேர் வெயில் மட்டும் வேண்டாம்.

ராமநாதபுரத்தில் கடலோர உவர் ஆராய்ச்சி நிலையத்திலேயே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போய்க் காட்டிக் கேளுங்கள், உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் தென்னைக்கும் உதவும்.

கரம்பை மண்:

காளான் வந்த பிறகு என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே பொறுக்கக் கூடாது. சிப்பிக் காளானில் குடையின் ஓரம் உள்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிட வேண்டும். இன்னும் ஒரு நாள் விட்டால் பெரிதாகுமே என்று விட்டால் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, மாவு தூவிய மாதிரி வித்துத் தூள் கொட்டும். அது மூச்சுக்குள் போனால் சிலருக்கு இருமல் பிடித்துக்கொண்டு விடாது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒரு வாரம் இருந்தது. படுக்கிற அறையில் காளான் விரிய விடவே வேண்டாம், அந்த இரண்டு பையும் வெள்ளையானதும் வெளியே கொட்டகைக்கு எடுத்துப் போய்விடுங்கள். பறிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கொத்தாகப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும், கத்தியால் வெட்டினால் அடிக்கட்டை நின்று அழுகும், ஈ வரும்.

தென்னந்தோப்பு வீடு:

24 நாள் கழித்து எழுதுகிறேன், சொல்லாமல் போனால் மனசு கேட்காது.

கோடு போட்ட இரண்டு பையில் ஒன்று நாலாம் நாளே கோட்டைத் தாண்டியது. ஒரு விரற்கடை இருக்கும், அவ்வளவுதான், ஆனால் தாண்டியிருந்தது. இன்னொன்று கோட்டிலேயே நின்றது, எட்டாம் நாள் புளித்த வாடை வந்ததும் புதைத்துவிட்டேன்.

கொட்டகையில் மேற்கே மூன்று சாக்கு, தரையில் மணல். மீட்டர் வாங்கி மாட்டினேன், மத்தியானத்தில் 80-ஐத் தொட ரொம்பக் கஷ்டப்பட்டேன், 78 வரை வந்தது. பதினோரு மணிக்கும் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் சாக்கை நனைப்பது மாமியார் பொறுப்பு என்று அவரே எடுத்துக்கொண்டார். காய்ந்த மொட்டை எடுத்து ஒன்பதாம் நாள் முதல் பையில் மறுபடி மொட்டு. இந்தத் தடவை இரண்டாம் நாள் மிளகு அளவு, மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது சின்னச் சின்னச் சங்கு மாதிரி, சாயங்காலம் அதே சங்கு கட்டைவிரல் அகலத்துக்கு விரிந்திருந்தது. நாலாம் நாள் ஓரம் உள்ளே வளைந்திருக்கும்போதே மூக்கில் துணி கட்டிக்கொண்டு திருகி எடுத்தேன். தராசில் 280 கிராம். அடுத்த பையில் 190. மூன்றாவது பையில் மொட்டு வரவே இல்லை, ஏன் என்று தெரியவில்லை, வெள்ளையாகத்தான் இருக்கிறது, வாடையும் இல்லை, அதனால் விட்டு வைத்திருக்கிறேன்.

வெங்காயம் வதக்கி, மிளகும் சீரகமும் இடித்துப் போட்டு, கடைசியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டு வைத்தோம். ஐந்து பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம்தான் வந்தது.

உப்பளக் காற்று சொன்னதைக் கேட்டுப் பால் காளான் வித்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கரம்பை பக்கத்துக் கண்மாயில் கிடைக்கும். சிப்பிக்கு இனி ஐப்பசியில்தான். அக்கா, கோட்டைத் தாண்டிய அந்தப் பை இப்போது முழுக்க வெள்ளை, கொட்டகைக்கு மாற்றி மூன்று நாள் ஆகிறது. இன்னும் கட்டை அவிழ்க்கவில்லை.